மூலை மேசைப் பிப்பெட்

முன்பெல்லாம் பிள்ளைகளுக்குப் படிக்கச் சோம்பல் வந்தால் வயிற்றுவலி வரும். இப்போது பேய் வருகிறது. எந்நேரமும் செல்போனில் முகத்தைப் புதைத்துக்கிடக்கிற இதுகளைப் பயமுறுத்தப் பேய்க்குத்தான் எங்கே நேரம் கிடைக்கிறதோ என்று முணுமுணுத்துக்கொண்டே செல்வதாஸ் நாகர்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

கூடவே வயதான காலத்தில் பிறந்த கடைசி மகள் பெபிஷா. கல்லூரியில் வேதியியல், கடைசி வருடம். அன்று செய்முறைத் தேர்வு. போகாவிட்டால் ஒரு வருடம் பாழ். அவளோ கொஞ்ச நாளாக ஆய்வகத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்று நின்றாள். அதனால்தான் அவரே இழுத்துக்கொண்டு வந்தார்.

ஆய்வகம் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். காலை வெயில் வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே ஈரமும் அரையிருட்டும். அழுகிய முட்டை நாற்றம் சுவரிலேயே ஊறியிருந்தது. எங்கோ ஒரு பைப்பு விட்டுவிட்டுச் சொட்டியது.

"இதுக்குள்ள நிண்ணு படிச்சா பேய் மட்டுமா வரும், காசமும் வரும்" என்றார்.

கடைசி மூலையில் ஆளில்லாத ஒரு மேசை. அதன்மேல் ஒரு பீக்கர் தண்ணீர். அதில் கழுவி நிறுத்திய பிப்பெட். நடுவில் வயிறு வீங்கிய நீளமான கண்ணாடிக் குழல்.

ஆய்வக உதவியாளன் ரெஜின் குரலைத் தாழ்த்தினான்.

"அது பிரிஜாவுக்கு உள்ளது, பாட்டா. பண்டு வாயால உறிஞ்சித்தான் ஆசிட் எடுப்பாவ. இஞ்ச படிச்ச பிள்ள, ஒருநாளு கூடுதலா உறிஞ்சிட்டா. தொண்ட வெந்தே செத்துப்போச்சு. பொறவுதான் உறிஞ்சுகதுக்கு ரப்பர் பல்பு வந்துது. பிராக்டிகலுக்கு முந்தி அவளுக்கும் ஒண்ணு கழுவி வச்சிருவோம்."

"ஏலே, இதுக்கா ஒனக்குச் சம்பளம்?"

பெபிஷா வாசலைத் தாண்டவில்லை. "அண்ணைக்கு எனக்க பிப்பெட் உடைஞ்சுபோச்சுப்பா. அந்த மூலையில உள்ளதத்தான் எடுத்தேன். அப்பம் தொட்டு நான் பல்ப விடுகதுக்கு முந்தியே ஆசிட் மேல ஏறுது. ஆரோ பக்கத்துல நிண்ணு உறிஞ்சுகது கணக்கா... எனக்குப் பேடியா இருக்கு."

"ஏட்டி, கண்ணாடிக்கு உறிஞ்சத் தெரியுமா? இஞ்ச பாரு."

"பாட்டா, வேண்டாம்..." ரெஜின் கையை நீட்டினான்.

அதற்குள் பிப்பெட்டின் மேல்முனை செல்வதாஸின் வாயில் இருந்தது. சோடாவை உறிஞ்சுவதுபோல உறிஞ்சினார்.

தண்ணீர் ஏறியது. குழலின் வயிறுவரை வந்தது.

நின்றது.

இன்னும் பலமாக உறிஞ்சினார். தண்ணீர் கீழே இறங்கியது.

மறுமுனையில் யாரோ உறிஞ்சினார்கள்.

அவருடைய உதடும் நாக்கும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. கன்னங்கள் ஒடுங்கின. நெஞ்சிலிருந்த மூச்சு நூல் நூலாகக் குழலுக்குள் போனது. பீக்கர் தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. காதருகே ஒரு சத்தம். தாகத்தோடு ஓடிவந்த பிள்ளை மூச்சுவிடாமல் குடிக்கிற சத்தம்.

பிய்த்து எடுத்தார். உதட்டுத் தோல் கொஞ்சம் அதிலேயே நின்றது.

பெபிஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர் பயத்தைக் காட்டினால் அவள் அடுத்த பஸ்ஸுக்கு வீட்டுக்குப் போய்விடுவாள்.

"ஒண்ணுமில்ல. வெறும் பச்சத்தண்ணி" என்றார். "போய்ச் செய்யி, மக்கா."

அவள் நம்பினாள்.

மதியம் சிரித்துக்கொண்டே வந்தாள். "அளவு எல்லாம் ஒண்ணுபோல வந்துதுப்பா. பக்கத்துல ஆருமே இல்ல. அது போச்சு!"

"இருந்தாத்தானே போகதுக்கு?"

எதிர்த்த கடையில் டீ வாங்கினார். உதடு எரிந்ததால் குடிக்கவில்லை; ஆறட்டும் என்று கிளாஸை பெஞ்சில் வைத்தார். பெபிஷா போனில் தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

டீயின் மட்டம் இறங்கியது.

கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். பாலாடை கிளாஸின் ஓரத்தில் ஒட்டி நின்றது. அவர் காதருகே தாகத்தோடு குடிக்கிற அதே சத்தம்.

கிளாஸ் காலி.

"இன்னொண்ணு போடட்டா, பாட்டா?" என்றான் கடைக்காரன்.

செல்வதாஸ் பெஞ்சைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"ஓட்ட கிளாஸுல ஊத்தித் தந்து ஆள ஏமாத்துகியா? களவாணிப் பயலே!"

காறித் துப்பிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?