நாலு மில்லிகிரே

போன் அடித்தது.

லிகாயா எடுக்கவில்லை. அம்மாவாகத்தான் இருக்கும்... தம்பி ஜோமாரைச் சுட்டவன் பிடிபட்டானா என்று ஒன்பது நாளாக ஒரே கேள்வி. இன்றைக்குத்தான் அவளிடம் பதில் இருந்தது.

எதிரே இன்ஸ்பெக்டர் கிரிசாந்தோ. ஒட்டிய கன்னம், ஓயாத இருமல். பிலிப்பைன்ஸின் செபு நகரத்து உச்சிவெயிலில் படியேறி வந்த களைப்பு வேறு.

"மேயர் பல்தோமேரோ சுட்டிருக்க முடியாது மேடம். அந்த நேரத்துல உங்க ஆஸ்பத்திரியிலதான் நெஞ்சு ஸ்கேன் எடுத்துக்கிட்டிருந்தார். ரெக்கார்டு இருக்கு."

"ரெக்கார்டு பொய் சார்."

ஸ்கேனில் யார் உடம்பில் எவ்வளவு கதிர் இறங்கியது என்று கணக்கிடுவதுதான் லிகாயாவின் வேலை. மேயருக்குப் பயந்த டெக்னீஷியன் அவர் பெயரையும் நூற்றுப்பத்து கிலோ எடையையும் ஒழுங்காக எழுதிவிட்டு ஊரைவிட்டே ஓடிவிட்டான். ஒன்றை மறந்துவிட்டான், பாவி! மெஷின் எழுத்தை நம்பாது. படுத்திருப்பவர் பருமனைப் பார்த்துத்தான் கதிரைக் கூட்டும், குறைக்கும்.

"அவர் உடம்புக்கு இருபது மில்லிகிரே அளவு கதிராவது வேணும். பதிவானது நாலு. படத்துல நெஞ்சு அகலத்தையும் அளந்துட்டேன். படுத்திருந்தது ஐம்பது கிலோ ஆள்."

"கெட்டிக்காரி நீங்க. வேற யாருக்குத் தெரியும்?"

யாரிடமும் சொல்லவில்லை என்றாள் லிகாயா. ஜோமாருக்காக அலைகிற ஒரே போலீஸ்காரர் அவர்தானே.

அவர் எழுந்து கதவைத் தாழிட்டார். மேல் தாழ்ப்பாள். வலது கையால் எட்டிப் போட்டார். இடது தோள் உயரவே இல்லை.

லிகாயா அந்தத் தோளையே பார்த்தாள்.

அந்த ஸ்கேன் படத்தில், இடது தோளில், ஒரு பழைய தோட்டா இருந்தது...

"நீங்களா?"

"மேயர் படுன்னா படுக்கணும் மேடம். நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

துப்பாக்கியை நீட்டி, படங்கள் இருந்த சிடியைக் கேட்டார். கொடுத்தாள். வேறு பிரதி இல்லை. போன் மறுபடி அடித்து ஓய்ந்தது. அம்மாவுக்கு இனி யாரும் பதில் சொல்லப் போவதில்லை.

கிரிசாந்தோ இருமினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கதிரால எனக்குக் கேன்சர் வருமா?"

லிகாயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாலு மில்லிகிரே ஒண்ணும் செய்யாது சார். ஆனா உங்க வலது நுரையீரல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கு. ரிப்போர்ட் அன்னிக்கே மேயர் வீட்டுக்குப் போயிடுச்சே... அவர் உங்ககிட்ட சொல்லலையா?"