கறையில்லாத துணி

குனிந்து துணிக்கட்டைத் தூக்கியபோது செல்லக்கனிக்கு எதிரே இருந்த எல்லாம் வெளுத்துப்போய், நிமிர்ந்து மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது. இராஜபாளையத்தில் தறி போட்டுப் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் துணியை விரித்து, கண்ணால் கறையையும் விரலால் முடிச்சையும் தேட வேண்டும்.

“வெள்ளையவே பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. எல்லாருக்கும் உள்ளதுதாம்ட்டி,” என்றாள் பக்கத்து மேசை கிருபாபாய்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் தறிச்சத்தம் விடவில்லை. கஞ்சிப்பசை வாடையும் பஞ்சுத் தூசியும் எட்டாத வீட்டில், ஜன்னல் நிழல் சுவரில் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளின் காதுக்குள், நாடித்துடிப்போடு சேர்ந்து தறி ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்தால் தலை பிளந்தது.

கண் டாக்டர் விளக்கடித்து உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

“தலைக்குள்ள அழுத்தம் கூடி, கண் நரம்பு வீங்கியிருக்கும்மா. மாத்திரையை விடாம சாப்பிட்டா வடிஞ்சிரும், பார்வை தங்கும். விட்டுட்டா, நரம்பு செத்துப்போய் அதனாலயும் வீக்கம் வடியும். அப்ப வலி இருக்காது. போன பார்வை வராது.”

மாத்திரையில் தலைவலி குறைந்தது. கூடவே விரல் நுனிகள் மரத்துப்போயின. முடிச்சுகள் தட்டுப்படவில்லை. அவள் பார்த்த கட்டுகள் திரும்பி வந்தன. விரல் போனால் வேலை போய்விடும் என்று பயந்தாள். மாத்திரையை நிறுத்தினாள்.

விரல்கள் பழையபடி ஆயின. தலைவலி மறுபடி வந்து, கொஞ்ச நாள் இருந்து, தானாகவே நின்றது. காதுக்குள் தறியும் நின்றது.

“சரியாப்போச்சு,” என்று மகள் ஜெனிலாவிடம் சொன்னாள். அப்போது மகளின் முகத்தில் மூக்கும் வாயும் மட்டும்தான் தெரிந்தன. சுற்றிலும் வெள்ளை. அதற்குக்கூட அவளுக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அன்று மதியம், ஜன்னலில்லாத செக்கிங் அறையில், துணி அவ்வளவு சுத்தமாக இருந்தது. விரித்தாள். மடித்தாள். ஒரு கறை இல்லை. அடுத்த கட்டு. அதிலும் இல்லை. வெளியே தறிகள் ஓய்ந்தன.

“செல்லக்கனி.”

கிருபாபாயின் குரல். மிக அருகில். ஆளைக் காணோம்.

“சொல்லுக்கா.”

“கரண்டு போயி செத்த நேரமாச்சு. இருட்டுக்குள்ள எதப் பாத்துட்டி மடிக்க?”

கண்களை இறுக மூடினாள்.

வெள்ளை போகவில்லை.

விரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. அதைக் கிள்ளி எடுத்தாள்.