பறக்காத லெகார்ன் கோழிகள்

சந்திரமதியின் கையிலிருந்து நழுவிய தகர வாளி சிமெண்டில் விழுந்து உருண்டது. ஒரு கோழிகூடப் பறக்கவில்லை.

ஓர் இலை உதிர்ந்தாலே அலறிக்கொண்டு எழும்பும் ஜாதி அது. மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த கையோடு, முட்டை நிறையப் போடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவள் புருஷன் கலியாணசுந்தரம் வாங்கி வந்த வெள்ளை லெகார்ன்கள். காஜா பேராங்கின் அந்தப் பலகை வீடுகளில் யார் துணியை உதறினாலும், தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும், அவை ரம்புத்தான் மரத்து உச்சியில் இருக்கும். முட்டை எங்காவது புதரில் கிடக்கும். பஸ் கம்பெனி வேலை முடிந்து வந்து மரத்தடியில் நின்று கத்துவதே அவனுக்குத் தினப்படி வேலையாகிவிட்டது.

அன்று காலை பொறுமை போய்விட்டது. ஒவ்வொன்றாகப் பிடித்து, முழங்காலுக்கடியில் அமுக்கி, இறக்கையைச் சதையோடு ஒட்ட வெட்டினான். ரத்தம் கசிந்தது. "இனிமே பற, பாப்போம்," என்றான் ஒவ்வொன்றிடமும். தடுக்கப் போன சந்திரமதிக்கும் ஓர் அறை விழுந்தது.

இப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் சேற்று வாடையும், பக்கத்து வீட்டில் வறுபட்ட பெலாச்சான் இறால் விழுதின் நெடியும், அவற்றுக்கு அடியில் காலை ரத்தத்தின் கவிச்சியும் கலந்திருந்தன. வேலிக்கு அப்பால் துணி எடுத்துக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"என்னா சந்திரமதி, கோழிச் சத்தமே காணோம்? வித்துட்டீங்களா?"

"இல்லக்கா. இங்கதான் நிக்குது."

நின்றன. கொத்தவில்லை, கிளறவில்லை. எல்லாமே அடுப்படிக் கதவைப் பார்த்து நின்றன.

அவள் கோப்பி கலக்கி உள்ளே எடுத்துப் போனாள். கலியாணசுந்தரம் சுவரோரம் தரையில் குந்தியிருந்தான். கோப்பி மங்குக் கோப்பையைக் கீழே வைக்கும்போது கரண்டி லேசாகத் தட்டியது. அவன் துள்ளி எழுந்தான். முதுகு பலகைச் சுவரில் மோதி, சாமி படங்கள் ஆடின.

"என்னங்க? என்னா ஆச்சு?"

அவன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். பிறகு திருப்பி, மறு கண்ணால். கழுத்து வெடுக்கென்று வெட்டி வெட்டித் திரும்பியது. அவன் மேலிருந்து கோழிக்கூட்டு நாற்றம் வீசியது.

பின்னால் பலகைத் தரையில் நகம் உரசும் சத்தம்.

ஒன்று உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எல்லாமே. "ச்சூ... ச்சூ..." என்று முந்தானையை வீசினாள். விலகவில்லை. இறக்கைகளின் வெட்டுப்பட்ட ஓரங்களில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. அவளை அவை பார்க்கவே இல்லை.

அவன் தொண்டையிலிருந்து மெல்லிய கேவல் வந்தது. ஜன்னலைத் தாண்டிக் குதித்தான்.

அவள் பின்கட்டு வழியாக ஓடினாள். முற்றம் காலி. வேலியோரம் காலி. பாக்கியலட்சுமியும் இல்லை.

மேலே இலை சலசலத்தது.

ரம்புத்தான் கிளையில் அவன் குந்தியிருந்தான். ஒரு குழந்தையைக்கூடத் தாங்காத கிளை. அது வளையவில்லை. கால் விரல்கள் கிளையைச் சுற்றி இறுகியிருந்தன. கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன.

"இறங்கி வாங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் இன்னொரு கிளை மேலே தாவினான்.

"சந்திரா."

அவன் குரல். மரத்திலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"உள்ள வா. கதவச் சாத்தணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரத்தில் அவன். வாய் மூடியிருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"வா சந்திரா."

அடுப்படி வாசலில் வெள்ளைக் கோழிகள் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, அவளுக்கு வழிவிட்டு நின்றன.