வெந்நீருக்குக் கடைசி இடம்

காற்றுக் கசிவுச் சங்கு ஒலித்தபோது ஆழினி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். நிதானமாக வாயைக் கொப்பளித்துவிட்டு, பசைக்குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நெடுநிலம் என்ற அந்தக் கோளில் கூரையில் ஊசித்துளை விழுவது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கும் சமாசாரம். ஊரின் காற்றெல்லாம் வெளியேறித் தீர்வதற்குள் பசையை அப்பிவிட்டு வந்து, ஆறிப்போகாத பாசிக்கூழைக் குடித்துவிடலாம்.

அவளுக்குப் பதினெட்டு வயது. கசிவுப்படையில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது. அன்று காலை அவள் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது துளை அல்ல, தரவரிசை.

நெடுநிலத்தில் பாட்டுக் கேட்பதற்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. ஊர் முழுவதும் ஒரே கண்ணாடிக் கூரைக்கு அடியில் வாழ்ந்தது. கூரையெங்கும் பதித்திருந்த 'கசிவுச்செவி'கள், காற்று வெளியேறும் மெல்லிய சீழ்க்கையைக் கேட்டதும் சங்கு ஊதும். மனிதப் பேச்சை அவை கண்டுகொள்வதில்லை. ஆனால் யாராவது ஒரு ராகத்தை முனகினால் போதும், துளைதான் என்று முடிவுகட்டிவிடும். ஆகவே பாடுவதும் முனகுவதும் குற்றம். இசை ஒவ்வொருவரின் காதெலும்பிலும் பதித்த 'செவிமணி' வழியாக நேரே மண்டைக்குள் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்கிறார் என்பது பெற்ற தாய்க்கும் தெரியாது.

பாட்டுகள் பூமியிலிருந்து வானொலி அலையாக வந்தன. வழியிலேயே அறுபது ஆண்டுகள் ஆகிவிடும். ஒரு முறை வந்தது மறுமுறை வராது. வந்ததைச் சேமிக்கும் நினைவுப்படிகத்தில் பெரும்பகுதியைக் காற்றுக் கணக்கே விழுங்கிவிட்டதால், ஒரு கலைஞருக்கு ஏழு தொகுப்புகள்தான் என்பது சட்டம். எட்டாவது வந்தால் ஒன்று அழியும். எது அழிய வேண்டும் என்பதை அந்தக் கலைஞரின் ரசிகர் அவை முடிவுசெய்யும். ஒவ்வொரு ரசிகரும் வரிசையிட்டுத் தர வேண்டும். அந்த வரிசை அவரவர் பெயரோடு பொதுக்கூடத்தில் மாட்டப்படும்.

முகிலேந்தியின் எட்டாவது தொகுப்பு வந்துகொண்டிருந்தது. ஆழினி வரிசையிடப்போவது இதுதான் முதல் தடவை.

துளையை அடைத்துவிட்டுக் கூழ் விடுதிக்கு வந்த அவளுக்கு எதிரே பரிதி வந்து உட்கார்ந்தார். விடுதியை நடத்துபவர் அவர்தான். முகிலேந்தி ரசிகர் அவையின் தலைவரும் அவரே. அவர் சொன்னால் அந்த ஊரில் ஒரு பாட்டு நல்ல பாட்டு.

"வரிசை போட்டாச்சாம்மா?"

"முதல் அஞ்சு போட்டுட்டேன் அண்ணே. 'கரும்பாறை' முதல்ல. 'வேர்வழி' ரெண்டாவது."

"பரவாயில்லையே, ஞானம் இருக்கு. கடைசியில?"

ஆழினி கூழைக் கிளறினாள். "எல்லாரும் எதைப் போடறாங்க?"

"இதுல என்ன கேள்வி? 'வெந்நீர்'தான். குளிக்கறது, துணி துவைக்கறது, குழந்தைக்குத் தலை துவட்டறது, இதெல்லாம் ஒரு பாட்டா? அதுவும் மூக்கடைச்ச குரல்ல. சளி பிடிச்சிருந்தப்ப பாடி அனுப்பிவிட்டாரு மனுஷன். அதுக்கு ஒரு இடம் தண்டம்."

ஆழினி சிரித்துவைத்தாள். உண்மையில் அவள் எப்போதும் கேட்பது வெந்நீரைத்தான். மற்ற ஆறையும் மரியாதைக்குக் கேட்பாள். கூரை உத்தரத்தில் முதன்முதலாகத் தொங்கிய நாளில் பசைக்குழல் நழுவப் பார்த்தபோது, செவிமணியில் அந்த மூக்கடைத்த குரல்தான் அவளை நிற்க வைத்தது. அதன்பின் ஒவ்வொரு துளைக்கும் அதுதான் துணை. அந்தத் தொகுப்பு இல்லாமல் உத்தரத்தில் ஏறுவதை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

ஆனால் பெயரோடு மாட்டுவார்களே. கூடத்தில் நின்று ஊரே படிக்குமே. துணி துவைக்கும் பாட்டுக்கு முதலிடம் கொடுத்த பெண் என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்களே.

அவள் ஒரு கணக்குப் போட்டாள். அவையில் இத்தனை பேர் இருக்கிறார்கள். தைரியசாலிகள் நாலு பேராவது இருக்க மாட்டார்களா? அவர்கள் வெந்நீரைக் காப்பாற்றிவிடுவார்கள். தன் ஒருத்தியின் வரிசையால் என்ன ஆகிவிடப்போகிறது? வெந்நீரைக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தாள்.

வரிசைகளை எண்ணியபோது வெந்நீர் எல்லா வரிசையிலும் கடைசியாக இருந்தது. ஒரு வரிசைகூட விலக்கில்லை. படிகம் அதை அழித்துவிட்டு, எட்டாவது தொகுப்பை அந்த இடத்தில் வைத்தது. புதிய தொகுப்பு ஆழமாக இருப்பதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சங்கு ஒலித்தது. வடக்குக் குடியிருப்பில் கசிவு. ஆழினி பசையோடு ஓடினாள். அங்கே துளை எதுவும் இல்லை. ஊரை ஆளும் மன்றத்தின் தலைவி, எழுபது வயதுக்காரி, படுக்கையின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தாள். அது வெந்நீரின் மூன்றாவது பாட்டு. ஆளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "இருமல்" என்றாள்.

ஆழினி வாசலைத் தாண்டுவதற்குள் தெற்கே சங்கு. அங்கே ஒரு நீர்ப்பொறியாளர். பிறகு பள்ளிக்கூடம், பிணவறை, விதைக்கிடங்கு. அந்த வாரம் முழுக்கக் கசிவுப்படைக்கு உட்கார நேரமில்லை. ஊரில் எங்கும் துளை இல்லை. எங்கு போனாலும் ஒரு ஆள், மறந்துவிடுமோ என்ற பயத்தில் அதே தொகுப்பின் ஏதோ ஒரு துண்டை முனகிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் முழுப் பாட்டு நினைவில்லை. செவிமணி இருக்கும்போது யார்தான் மனப்பாடம் செய்வார்கள்?

கடைசிச் சங்கு கூழ் விடுதியின் பின்கட்டிலிருந்து வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் கைவிட்டபடி பரிதி நின்றிருந்தார். முனகல் நின்றது. கண் சிவந்திருந்தது.

"நீங்களுமா அண்ணே?"

"தலைவரே அதை முதல்ல வச்சா அவைக்கு என்ன மதிப்பும்மா?" என்றார் பரிதி. "நீ சின்னப்பொண்ணு. உனக்கென்ன பயம்? நீ வச்சிருக்கலாமே."

"நீங்க வைப்பீங்கன்னு இருந்துட்டேன்."

ஆழினிக்குத் தன்மேல் வந்த கோபத்தில் அழுகை முட்டியது. பசைக்குழலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முனகினால் ஆளுக்கு அளந்து தரும் காற்றில் ஒரு வேளைப் பங்கு வெட்டு என்று மன்றம் அறிவித்தது. சங்கு ஓய்ந்தது. அடுத்த ஆண்டு முகிலேந்தியின் ஒன்பதாவது தொகுப்பு வந்தது. மீண்டும் வரிசை.

இம்முறை ஆழினி யோசிக்கவே இல்லை. இல்லாத தொகுப்பென்றாலும் சரி, வெந்நீரை முதலிடத்தில் எழுதி, பெயரைப் பெரிதாகப் போட்டாள். கூடத்துக்குப் போய்ப் பார்த்தால் எல்லா வரிசையிலும் வெந்நீர்தான் முதலில் நின்றது. அழிந்துபோன பாட்டைப் புகழ்வதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. பரிதி, 'எளிமையின் சிகரம்' என்று குறிப்பே எழுதியிருந்தார்.

படிகத்துக்கு வரிசை மட்டும்தான் தெரியும். முதலிடம் பெற்ற தொகுப்புக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது விதி. வெந்நீர் என்ற பெயரில் ஒரு காலியிடத்தை ஒதுக்கிவிட்டு, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு தொகுப்புகளை அழித்தது. அதில் ஒன்று வேர்வழி. யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. வெந்நீரைத் தேர்ந்தெடுத்தால் செவிமணியில் முக்கால் மணி நேரம் ஒன்றும் கேட்காது. பலர் மாலையில் கூடத்தில் அமர்ந்து, கண்ணை மூடி அதைக் கேட்டார்கள். சிலர் தாளம் போட்டார்கள்.

அவையில் அந்த ஆண்டு சேர்ந்த தளிர்மதி என்ற பெண் ஆழினியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெந்நீர் அழிந்தபின் முகிலேந்தியைக் கேட்கத் தொடங்கியவள்.

"நீங்கதான் போன தடவை அதைக் கடைசியில வச்சவங்களா?"

"எல்லாரும்தான் வச்சாங்க."

"எப்படிக்கா மனசு வந்தது? முகிலேந்தியோட உச்சமே அதுதான். மத்ததெல்லாம் அதுக்குக் கால்தூசி பெறாது. அதெல்லாம் கேக்கறதுக்கு ஒரு காது வேணும்."

ஆழினிக்குப் பல்லவியும் அதற்கடுத்த அரை வரியும் நினைவிருந்தன. காற்றுப்பங்கு போனால் போகட்டும் என்று, தளிர்மதியின் காதருகே குனிந்து, மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு அதை மெல்லப் பாடிக் காட்டினாள்.

தளிர்மதி கடைசிவரை பொறுமையாகத்தான் கேட்டாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"இது யார் பாட்டுக்கா? துணி துவைக்கறதையெல்லாமா பாடுவாங்க?" என்றாள். "தப்பா நினைக்காதீங்க, இதை நான் கடைசியிலதான் வைப்பேன்."

கூரையில் சங்கு ஊதத் தொடங்கியது.