கூரம்பின்மேல் ஒரு சாம்பல் அடுக்கு

கூரம்பின் பள்ளத்தாக்கு வெறுமையாக இருந்திருக்க வேண்டும்.

லீயன் ஹாஸ்கின் நாற்காலியை முன்னால் இழுத்துத் திரையை உற்றுப் பார்த்தாள். விக்டோரியா மாநிலத்தின் வரைபடத்தின்மேல் வட்டார எல்லைகளை ஓர் அடுக்காக இப்போதுதான் போட்டிருந்தாள். இன்றைக்கு எந்த வட்டாரத்தில் எத்தனை போன் அழைப்புகள் போய்ச் சேராமல் அறுந்தனவோ அதற்கேற்ப நிறம் ஏறும். குறைவென்றால் வெளிர் மஞ்சள், கூடக்கூட ஆரஞ்சு, பிறகு சிவப்பு, அதற்கும் மேலே கறுப்பு. மாநிலம் முழுக்க வெளிர் மஞ்சளாகத்தான் கிடந்தது. கிழக்கு மலைகளுக்கு நடுவில் கூரம்பின் மட்டும் ஆரஞ்சாக இருந்தது.

கூரம்பினில் யாரும் இல்லை. போன கோடையில் தீ வந்து ஊரை முழுசாகத் தின்றுவிட்டுப் போன பிறகு யாரும் திரும்பிப் போகவில்லை. அவள் வேலை பார்க்கும் போன் கம்பெனியின் டவரும் முறுக்கிய கம்பியாக இன்னும் ஊர்க் குன்றின்மேல் கிடந்தது.

பெயர்க் குழப்பமாக இருக்கும் என்று நினைத்தாள். குவீன்ஸ்லாந்தில் இன்னொரு கூரம்பின் உண்டு. ஊர்ப்பெயரை வைத்து எல்லையைப் பொருத்தினால் இந்த மென்பொருள் ஒன்றின் கணக்கை இன்னொன்றின் தலையில் கட்டிவிடும். பெயரை எடுத்துவிட்டு அஞ்சல் எண்ணால் பொருத்தினாள். படம் ஒரு கணம் வெளுத்து மறுபடி நிறம் பூசிக்கொண்டது.

கூரம்பின் இப்போது சிவப்பு.

வெள்ளிக்கிழமை மாலை. ஆபீஸில் பாதிப் பேர் கீழே பப்புக்குப் போய்விட்டார்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து சாய்ந்து வந்த குளிர்கால மழை கண்ணாடிச் சுவரில் அறைந்து வழிய, மேலே காற்றோட்டக் குழாய் யாரோ மூக்கடைத்துத் தூங்குவதுபோல் இழுத்து இழுத்து மூச்சுவிட, மதியம் யாரோ சூடாக்கிய இறைச்சி பஃப்ஸின் வாசம் ஈரக் கம்பளத்தில் இன்னும் ஒட்டிக்கிடந்தது. லீயன் பல்லைக் கடித்தாள். தூக்கத்திலும் பல்லைக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் விரிசல் விட்டிருந்தது. கோடையிலிருந்தே அப்படித்தான்.

அவள் தம்பி கெல் கூரம்பினில்தான் இருந்தான். தீ மலையிறங்கியபோது மின்சாரம் போனது. செலவைக் குறைப்பதற்காகக் கம்பெனி பழைய பேட்டரியை மாற்றாமல் விட்டிருந்த டவர் கொஞ்ச நேரத்தில் செத்தது. கெல் கடைசிவரை அழைத்துக்கொண்டே இருந்தான். அவசர எண்ணுக்கு, தீயணைப்புக்கு, அக்காவுக்கு. ஒன்றும் போகவில்லை. இந்த விவரத்தை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கம்பெனியின் தரவில் அவளே பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவள் இன்னும் அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்ற பயம்.

திங்கட்கிழமை, தீயைப் பற்றிய விசாரணைக் குழுவின் முன் இரண்டு படங்களை வைக்க வேண்டும். ஒன்று தீ வந்த நாள். இன்னொன்று இன்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்ட. இன்றைய படத்தில் யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

எழுந்து நேரே கூட்ட அறைக்குப் போனாள். நாலு பக்கமும் கண்ணாடி போட்ட அந்த அறையில் அவளுடைய மேலாளர் டேமியன் ரூக் மேசைமேல் ஒரு காலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரில் கம்பெனியின் வக்கீல், மிஸ் டன்ஸ்டன்.

"இன்னிக்கு டேட்டால யார் கை வச்சது?" என்றாள் லீயன்.

"கதவைச் சாத்திட்டுப் பேசு, லீ."

"கூரம்பின்ல டவரும் இல்ல, ஆளும் இல்ல. அங்கேருந்து கால் அறுந்துட்டே இருக்குன்னு காட்டுது. தீ வந்த நாள் கணக்கைத் தூக்கி யாரோ இன்னிக்குப் போட்டிருக்காங்க."

டேமியன் சுவரில் இருந்த பெரிய திரையில் படத்தைத் திறந்து பார்த்தான். "அசிங்கமா இருக்கு. மேல ஒரு சாம்பல் கலர் அடுக்கு போடு. தகவல் இல்லைன்னு எழுதிடு. வேலை முடிஞ்சது."

"இன்னிக்குப் படத்துக்கா?"

"ரெண்டுக்கும்தான். ஒரே ஒரு ஊர் கறுப்பா இருந்தா பாக்கறவன் கண்ணு அங்கதான் போகும். மத்ததெல்லாம் மஞ்சளா இருக்கறது எவனுக்கும் தெரியாது."

"அங்க ஆளுங்க செத்திருக்காங்க, டேமியன்."

"எனக்குத் தெரியாதா? உன் தம்பி விஷயத்தால உன்னை இந்த வேலைல போட வேணாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீதான் கேக்கல." குரலைத் தணித்துக்கொண்டான். "நீ செய்றியா, நான் செய்யட்டுமா?"

"நீங்களே செய்யுங்க. என் கையால ஆகாது."

அவன் செய்தான். நாலைந்து சொடுக்குகள். கூரம்பின்மேல் சாம்பல் நிறம் விழுந்து மூடிக்கொண்டது. மிஸ் டன்ஸ்டன் தன் காபியைப் பார்த்தபடி, "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

லீயன் தன் இடத்துக்குத் திரும்பினாள். அவன் முகத்தில் எதையாவது விட்டெறிந்திருக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுவிடலாம். செய்தித்தாளுக்குப் போன் பண்ணலாம். திரையைப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவரில் ஈரம் ஊறி வருவதுபோல, சாம்பல் நிறத்தின் அடியிலிருந்து கறுப்பு ஊறி வந்தது. மேலே போட்ட அடுக்கு கீழே இருப்பதை முழுசாக மறைக்க வேண்டும். மறைக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரம்பினுக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓரத்துச் சேல் வட்டாரமும் சிவந்தது.

கண்காணிப்பு அறைக்குப் போன் போட்டாள். விலியாமி எடுத்தான். டோங்காத் தீவுக்காரன், டவர்களைப் பார்த்துக்கொள்ளும் பையன்களில் அவள் நம்பும் ஒரே ஆள்.

"கிழக்குப் பக்கம் ஏதாச்சும் டவர் விழுந்திருக்கா, விலி?"

"எல்லாம் பச்சையாத்தான் இருக்கு அக்கா. நானும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன். டவர்ல கோளாறு இல்ல. ஆனா கால் போக மாட்டேங்குது." தயங்கினான். "இந்த நம்பரெல்லாம் தீக்கப்புறம் நாம மூடுன நம்பருங்க."

"யாரோட நம்பர்?"

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"விலி, யாரோட நம்பர்?"

"ஒண்ணு ஹாஸ்கின்னு இருக்கு அக்கா."

அவள் ரிசீவரை மேசைமேல் வைத்தாள். அவன் குரல் கொஞ்ச நேரம் அதற்குள் பூச்சிபோல் ரீங்கரித்துவிட்டு நின்றது.

படம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. சேல் கறுத்தது. கூரம்பின் மஞ்சளானது. மறுபடி புதுப்பித்தது. டிராரல்கன் கறுத்தது, சேல் மஞ்சளானது. ஒன்று கறுக்கும்போது முந்தையது வெளுத்துவிட்டது.

பரவவில்லை. நகர்ந்தது.

மேற்கு நோக்கி, வட்டாரம் வட்டாரமாக, நெடுஞ்சாலையை ஒட்டியே வந்தது. அன்று மரங்கள் குறுக்கே விழுந்து அடைத்துக்கொண்ட அதே சாலை. வெளியேற முடியாமல் ஊர்க்காரர்களின் கார்கள் வரிசையாக நின்றுபோன சாலை. இப்போது யாரும் அவர்களைத் தடுக்கவில்லை.

மோ கறுத்தது. பிறகு வாரகல்.

கீழே ஓடிப்போய்க் காரை எடுத்துக்கொண்டு மேற்கே எங்காவது போய்விடலாம். டேமியனிடம் சொல்லலாம். அவன் கண்ணாடி அறைக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். மிஸ் டன்ஸ்டனும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பயம் இருந்த இடத்தில் மறுபடி கோபம் வந்து உட்கார்ந்தது. கனமாக. நிதானமாக.

லீயன் நாற்காலியில் உட்கார்ந்தாள். டேமியன் போட்ட சாம்பல் அடுக்கைத் தேடி எடுத்து நீக்கினாள். நிச்சயமாக நீக்கவா என்று மென்பொருள் கேட்டது. ஆமாம் என்றாள். கண்ணாடி அறையின் பெரிய திரையிலும் அது போனது. டேமியன் திரும்பிப் பார்த்தான்.

நகரின் விளிம்பில் டாண்டினாங் கறுத்தது.

டேமியன் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "என்ன பண்ற நீ?"

"பாத்துட்டிரு," என்றாள். அவனை அவள் அப்படி ஒருமையில் பேசியதே இல்லை.

"திங்கக்கிழமை நீ இந்த ஆபீஸ்ல இருக்க மாட்டே."

"சரி."

கதவை அறைந்து சாத்திக்கொண்டான்.

மழைச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. காற்றோட்டக் குழாயிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. முதலில் யூகலிப்டஸ் இலை எரியும் வாசம். அதற்கடியில் உருகும் ரப்பர். அதற்கும் அடியில், முடி.

விசைப்பலகைமேல் ஒரு கரித்துணுக்கு விழுந்தது. தொட்டாள். சுட்டது.

ரிச்மண்ட் கறுத்தது. பிறகு நகரின் நடுப்பகுதி. பிறகு இந்த வட்டாரம். டாக்லண்ட்ஸ்.

லிஃப்ட் மணி அடித்தது.

அவள் திரும்பவில்லை. கம்பளத்தில் காலடிகள். நிறைய. செருப்பில்லாத கால்கள் போல, மெத்தென்று. வெப்பம் அவள் வலது கன்னத்தைத் தொட்டுக்கொண்டு கடந்து போனது. கடைக்கண்ணில் கறுத்த கைகள் தெரிந்தன. எல்லாக் கையும் மடங்கியிருந்தது. எல்லாக் கையிலும் போன். காதோடு உருகி ஒட்டிக்கொண்ட போன். வாய்கள் அசைந்தன. குரல் இல்லை. ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை.

அவர்களில் ஒருத்தன் கெல் மாதிரி தோளைச் சாய்த்து நடந்தான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். அவன் நிற்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் வெளிச்சம் மங்கியது. டேமியன் எழுந்தான். மிஸ் டன்ஸ்டன் சுவரோரம் போனாள். கதவைத் திறக்காமலே அவர்கள் உள்ளே நிறைந்தார்கள். ஒருவர்பின் ஒருவராக. நெருக்கியடித்துக்கொண்டு. பொறுமையாக.

லீயன் எழுந்து கதவருகே போனாள். கைப்பிடியைப் பிடித்தாள். உள்ளங்கை பொசுங்கியது. உள்ளிருந்து யாரோ அதைத் திருகினார்கள். பலமாக. திரும்பத் திரும்ப.

அவள் விடவில்லை.

கண்ணாடியின் உள்பக்கம் கரி படிந்தது. விரல்கள் அதை வழித்து வழித்துத் துடைத்தன. துடைத்த இடைவெளியில் டேமியனின் முகம், கண்கள் பிதுங்கி, காதில் போனை அழுத்தியபடி. உதடுகள் அசைந்தன. அசைந்துகொண்டே இருந்தன.

ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.