மலை பர்மிட்டில் ஒரு காலிக் கட்டம்

"பேரு?"

"குழந்தைவேலு."

சந்திரமதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றவன் ஆறடிக்குக் குறையாத உயரம். ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கவே அவன் முதுகை வளைக்க வேண்டியிருந்தது. மழையில் நனைந்த முகம்... அதில் ஓரிடத்தில் நிற்கத் தெரியாத இரண்டு கண்கள்.

"சிரிக்கணும்னா சிரிச்சுடுங்க மேடம். போர்ட் பிளேர்ல பாக்கி எல்லாரும் சிரிச்சாச்சு" என்றான்.

அவள் வேண்டுமென்றே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். இவனிடம் சிரித்துவிட்டால் இவன் கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டிவரும் என்று உள்ளே ஏதோ ஒன்று எச்சரித்தது.

அது 1974, நவம்பர் மாதம். வன அலுவலகத்தில் ஹாரியட் மலைக்கு பர்மிட் எழுதுகிற குமாஸ்தா அவள். மலைமேல் டார்பாலின் கட்டி ஓர் இரவு தங்குவதென்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். பச்சை மரத்தில் கத்தி படக்கூடாது. கல் பாவிய மேடையைத் தவிர வேறெங்கும் அடுப்பு மூட்டக்கூடாது. கொண்டுபோன டப்பாவும் காகிதமும் முதுகிலேயே திரும்பி வர வேண்டும். மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குள் அடிவாரத்து கேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் மூச்சு விடாமல் அவள் ஒப்பிப்பதைக் கேட்டு, அலுவலகத்தில் அவளுக்குச் 'சட்டம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

குழந்தைவேலு ஹேடோ துறைமுக வேலையில் வரைபடம் போடுகிறவன். தீவுக்கு வந்து மூன்று மாதம். குவார்ட்டர்ஸில் உட்காரப் பிடிக்கவில்லை, கடற்கரையில் நடந்தால் போதவில்லை, மலைமேல் ஏறி இரண்டு பக்கத்துக் கடலையும் பார்த்தே ஆக வேண்டும் என்றான். சொல்லும்போதே விரல்கள் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டன.

தனியாகப் போகிறவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. திரும்பி வராவிட்டால் யாருக்குத் தகவல் சொல்வது என்ற கட்டத்தில் தீவுக்குள்ளேயே இருக்கிற ஒருவரின் பெயர் வேண்டும். அவன் திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவை எழுதினான். கப்பலில் தகவல் போய்ச் சேர்வதற்குள் மலையே இடம் மாறிவிடும் என்று அடித்துவிட்டாள். மறுநாள் மெஸ் சமையல்காரர் பெயரோடு வந்தான். அவர் இன்றைய கப்பலில் மெயின்லேண்ட் போகிறாராமே என்று அதையும் அடித்தாள்.

"இந்தத் தீவுல எனக்குன்னு யாருமே இல்லேன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுவீங்க போல" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தக் கண்கள் சிரிக்கவில்லை... அன்றிரவு சந்திரமதிக்குச் சோறு இறங்கவில்லை. சே, ஒரு கட்டத்துக்காக இப்படியா விரட்டுவது என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் ஐந்து மணி சங்கு ஊதுகிற நேரத்தில் ஓடி வந்தான். வெளியே கொட்டுகிற மழை. ஃபாரத்தை நீட்டினான். அவள் அதைப் பார்க்காமல் அவனையே ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். முத்திரையும் குத்திவிட்டாள். எந்தக் காகிதத்தையும் இரண்டு தரம் படிக்கிறவள், அன்றைக்கு ஒரு தரம்கூடப் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் மலை ஏறினான். அதற்குப் பிறகு மழை விடவே இல்லை. முதல் நாள் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். இரண்டாம் நாள் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். அட, அவன் யாரோ, நான் யாரோ... டார்பாலினைச் சரியாகக் கட்டியிருப்பானா? ஓடைப் பக்கம் போகாமல் இருந்தால் சரி. மூன்றாம் நாள் நான்கு மணி அடித்தபோது நெஞ்சும் சேர்ந்து அடித்தது. கேட்டிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஷாதிபூரில் அவள் வீட்டு வாசலில் கேட் காவலர் கோவிந்தராஜ் வந்து நின்றார். நனைந்த சட்டைக்குள்ளிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தார்.

"ஆள் இன்னும் எறங்கல. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச உன் பேரைத்தாம்மா எழுதி வச்சிருக்கார்" என்றார்.

சந்திரமதி வாங்கிப் பார்த்தாள். தகவல் சொல்ல வேண்டியவர்: சந்திரமதி. பக்கத்தில் உறவு என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. காது மடல் வரை சூடு ஏறியது. என்ன திமிர்... கேட்காமல் கொள்ளாமல் ஒரு பெண்ணின் பெயரை எழுத இவன் யார்?

அப்பா பக்தவத்சலம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். யார் அவன், எத்தனை நாளாகப் பழக்கம் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று தரம் ஜன்னலில் பார்த்ததோடு சரி என்று உண்மையைச் சொன்னாள். தனக்கே அது நம்பும்படி இல்லை.

கோவிந்தராஜ் அவசரப்பட்டார். தேடுவதற்கு ஆள் அனுப்ப வேண்டுமானால் ஃபாரத்தில் பெயர் உள்ளவர் உறவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெறுமனே தெரிந்தவர் என்றால் ரேஞ்சர் உத்தரவு வேண்டும். ரேஞ்சர் பாராடாங் தீவில் இருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். இந்த விதியை எத்தனை பேருக்கு அவளே ஒப்பித்திருக்கிறாள்! நாளை வரை அந்த மழையில் அவன் தாங்குவானா?

பக்தவத்சலம் நல்ல மனிதர். ஓர் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது.

"அண்ணன்னு எழுதிக் குடும்மா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

பேனாவை எடுத்தாள். அண்ணன்... ஒரே ஒரு வார்த்தை. கை நகரவில்லை. கண்ணை மூடித் திறந்தாள், வேறெதையோ விறுவிறுவென்று எழுதினாள், மடித்துக் கோவிந்தராஜிடம் நீட்டினாள். அவர் பிரித்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அக்கரையில் இருக்கும் மலைக்குப் போக ஃபெர்ரிக்கு ஓடினார்.

வீட்டில் இருக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஃபெர்ரியில் அப்பாவும் கூடவே வந்தார். அடிவாரத்துக் கேட்டில் அவள் உட்காரவே இல்லை. பாதையை நோக்கி நாலு எட்டு வைப்பாள், அப்பா முகத்தைப் பார்த்துத் திரும்புவாள். வந்துவிடு... வந்து என்னிடம் திட்டு வாங்கிக்கொள்... வந்தால் போதும்.

மூன்று மணி சுமாருக்குப் பாதைத் திருப்பத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி அவன் வந்தான். மரம் விழுந்து பாதை அடைபட்டதில் தாண்டப்போய்க் கணுக்கால் பிசகிவிட்டதாம். அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே முடங்கிக் கிடந்திருக்கிறான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயில் வந்ததோ வேறு.

"நாலு மணின்னா நாலு மணிங்க. நேத்து நாலு மணி."

"நேத்து நாலு மணிக்கு உங்களைத்தான் நெனச்சேன்" என்றான். பல் தந்தியடித்தது. "நான் வரலேன்னா ஒருத்தராவது என்னைத் தேடணும்... அது நீங்களா இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு. எழுதிட்டேன். கேக்காம எழுதினது தப்புதான். ஆனா அழிக்க மனசு வரலீங்க."

அவள் பதில் சொல்வதற்குள் கோவிந்தராஜ் பக்தவத்சலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, உங்க மாப்பிள்ளையைப் பத்திரமா ஒப்படைச்சாச்சு. கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க."

பக்தவத்சலம் ஃபாரத்தை வாங்கினார். காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில் அவர் மகளின் கையெழுத்து... கட்டிக்கொள்ளப் போகிறவர். குழந்தைவேலு எட்டிப் படித்தான். ஒற்றைக் காலில் நிற்பதையே மறந்து இரண்டாவது காலையும் ஊன்றி, வலியில் கேட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணன்னு எழுதுன்னுதானே சொன்னேன்?" என்றார் அப்பா. "உயிரைக் காப்பாத்த ஒரு பொய். அதை எழுத என்னம்மா கஷ்டம்?"

சந்திரமதி தலை குனியவில்லை. அவனையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள்.

"அதுதான்ப்பா பொய். அதனாலதான் எழுத வரல."

பக்தவத்சலம் மகளைப் பார்த்தார். பிறகு அந்த ஆறடிப் பையனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அவன் முதுகிலிருந்த நனைந்த மூட்டையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"காலை ஊனாதீங்க தம்பி" என்றார். "சந்திரா, நீ அந்தப் பக்கம் பிடிச்சுக்கோ."