நூற்றுக்கு ஒன்று குறைந்தால்...

தடால்!

சட்டக் கல்லூரியின் வாகன நிறுத்தத் தகரக் கூரை நடுவில் மடிந்து தொங்கியது. கீழே நின்ற இரண்டு ஸ்கூட்டர்கள் சாய்ந்தன.

வாசலில் செய்தித்தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்த காவலாளி ஓடி வந்தார்.

கூரையின் மேல் ஓர் ஆள் கிடந்தான். குப்புற. ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அசைவில்லை.

வலது கை மட்டும் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. கிழிந்த பேனர் துண்டு. அதில் சிவப்பு மையில் ஓர் எண்.

1.

காவலாளி அண்ணாந்து பார்த்தார். நான்காவது மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து மிச்ச பேனர் படபடத்தது. தேர்வு முடிவு பதினோரு மணிக்குத்தான் வரும். ஆனால் 'சட்டத் தேர்வில் 100% தேர்ச்சி! தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டு!' என்ற பேனர் எட்டு மணிக்கே வந்துவிட்டது.

இப்போது அதில் '00% தேர்ச்சி' என்றிருந்தது.

அந்தக் கல்லூரி கட்டிய பேனர்களிலேயே உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது அதுதான்.

* * *

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது. ஏட்டு கூடவே போயிருந்தார்.

ஸ்டேஷனில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'அரம்'. இரும்பும் அவளிடம் கொஞ்சம் தேய்ந்துதான் திரும்பும் என்பார்கள்.

முதல்வர் அறை குளுகுளுவென்று இருந்தது. முதல்வருக்கு மட்டும் வியர்த்தது. கல்லூரியின் தாளாளர் அவருடைய மாமனார். அந்த ஒரு தகுதியில்தான் அவர் அந்த நாற்காலிக்கு வந்தார் என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வார்கள். வேறு தகுதி எதுவும் யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை.

"விழுந்தது யாரு சார்?"

"எங்க ஸ்டூடண்ட் இல்ல மேடம்."

"நான் யாருன்னு கேட்டேன். யார் இல்லைன்னு கேக்கல."

முதல்வர் தண்ணீர் குடித்தார்.

"ஒரு லிஃப்ட் மெக்கானிக். நாப்பது வயசு. வக்கீலாகணும்னு ஆசைப்பட்டு இங்க சேர்ந்தான். பசங்க 'தாத்தா'ன்னு கூப்பிடுவாங்க. படிப்பு ஏறல. போன மாசமே விலகுறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான்."

ஒரு தாளை நீட்டினார். 'சொந்தக் காரணங்களால் படிப்பை விட்டு விலகுகிறேன்.' கீழே கையெழுத்து.

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு வந்தாரு?"

"யாருக்குத் தெரியும்? ரிசல்ட் நாள் பாருங்க... மத்தவங்க பாஸ் ஆகுறதைப் பாத்து மனசு ஒடிஞ்சு குதிச்சிருப்பான். பாவம்."

"நீங்க கடைசியா அவரைப் பாத்தது?"

"அந்த லெட்டரைக் குடுத்த அன்னிக்கு."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தாள். ஒரு வார இதழ் ஆண்டுதோறும் வெளியிடும் ஒப்பீட்டுப் பட்டியலைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தச் சட்டக் கல்லூரி, எத்தனை பேர் தேர்ச்சி. ஐம்பத்தொன்று, முப்பத்தெட்டு, எதிர்த்தெருக் கல்லூரி நாற்பத்துமூன்று. இந்தக் கல்லூரிக்கு மட்டும் நூறு, தங்க நிறத்தில்.

பக்கத்திலேயே இன்னொரு கட்டம். பல்கலைக்கழக ரேங்க். எதிர்த்தெருவுக்கு அதில் நான்கு. இந்தக் கல்லூரிக்கு ஒரு கோடு.

"அந்தக் கட்டத்துல என்ன சார் கோடு?"

"அது... அச்சுப் பிழையா இருக்கும்."

"ஒன்பது வருஷமாவா?"

அவளுடைய செல்போன் அடித்தது. மகள்.

"அம்மா, சீட் உறுதி பண்ண இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம். அந்த நூறு பர்சென்ட் காலேஜையே போட்டுடட்டா?"

"நான் இப்ப அங்கதாண்டி இருக்கேன்."

"ஐயோ... எனக்கு சீட் கேட்டு யூனிஃபார்ம்லயா போன?"

"ஒண்ணும் போட்டுத் தொலைக்காத. அப்புறம் கூப்பிடறேன்."

* * *

வாசலில் ஒரு பெண் காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தோளில் அளவு நாடா தொங்கியது. தையல் மெஷினிலிருந்து எழுந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

"நான் அவரோட சம்சாரம். உள்ள விட மாட்டேங்கறான். இவங்க ஸ்டூடண்டே இல்லையாம்."

இன்ஸ்பெக்டர் அவளை ஜீப்பின் நிழலுக்கு அழைத்துப் போனாள்.

"ஆஸ்பத்திரிக்கு இப்பவே அனுப்பறேம்மா. ஒரே ஒரு கேள்வி. ஃபெயிலாயிடுவோம்னு பயந்து குதிக்கிற ஆளா அவரு?"

அந்தப் பெண்ணுக்கு அழுகையோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"ஃபெயிலாகுறது அவருக்குப் புதுசா மேடம்? சாட்சியச் சட்டம்னு ஒரு பேப்பர். மூணு தடவை போயிடுச்சு. போன தடவை ரிசல்ட் பாத்துட்டு வந்து, 'இந்த சாட்சி நம்ம பக்கம் வர மாட்டேங்குதுடி'ன்னு சிரிச்சாரு. சாப்பிட்டாரு. குறட்டை விட்டுத் தூங்கினாரு. அந்த மனுஷனா குதிப்பாரு?"

"போன மாசமே படிப்பை விட்டுட்டாராமே?"

"யாரு சொன்னா? பரீட்சையே இந்த மாசம்தானே எழுதினாரு! நான்தான் கூட வந்து உட்கார்ந்திருந்தேன். அந்த பிரின்சிபால்தான் விலகு விலகுன்னு உசுரை எடுப்பாரு. இவரோட சேர்ந்தவங்க இருநூறு பேர் மேடம். அதுல ஃபெயிலாயிடுவாங்கன்னு தோணுனவங்களை எல்லாம் பரீட்சைக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கித் துரத்திட்டாங்க. கடைசியா எழுதினது அறுபது பேரோ என்னவோ. பழைய அரியர் எல்லாம் எண்ண மாட்டாங்க, கடைசி வருஷ ரிசல்ட்தான் கணக்கு; அந்த அறுபதும் பாஸானா நூறு பர்சென்ட்டாம்."

"நொண்டி நாய எல்லாம் வெளிய அனுப்பிட்டு ஓட்டப்பந்தயம் வச்ச மாதிரி" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இவரு மட்டும் மாட்டேன்னுட்டாரு. இவரோட வேலை செஞ்ச பையன் ஒருத்தன் லிஃப்ட் குழியில விழுந்து செத்தான். கம்பெனி கையை விரிச்சுடுச்சு. அந்த கேஸை நானே நடத்துவேன்னுதான் சட்டமே படிக்க வந்தாரு. இன்னிக்கு காலையிலகூட போன் வந்துச்சு. 'கூப்பிடறாங்க, போயிட்டு வந்துடறேன்'னாரு."

அவள் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தாள்.

"அவருக்கு என்ன ஆனாலும்... குதிச்சாருன்னு மட்டும் எழுதிடாதீங்க மேடம். என் புள்ளைங்க அதைப் படிச்சு வளரக் கூடாது."

"எழுத மாட்டேன். சாகணும்னு குதிக்கிறவன் பேனரைப் பிடிச்சுக் கிழிக்க மாட்டான். நீ ஜீப்ல ஏறு."

ஜீப் கிளம்பியது.

இன்ஸ்பெக்டர் நான்காவது மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அங்கே பேனர் கயிறும் மூடியில்லாத ஒரு பேனாவும் கிடந்தன. வேறொன்றும் இல்லை.

தேர்வு நடத்திய பல்கலைக்கழகத்துக்கு போன் செய்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டாள். அவர்கள் சொன்னதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

உடனே இன்னொரு அழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து ஏட்டு.

"சொல்லு... அப்படியா... சரி. அந்தம்மா வந்துட்டிருக்கு, அதுகிட்ட மட்டும் சொல்லு. வேற ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத."

* * *

"கெட்ட செய்திதான் சார்."

முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முயன்றார். கண்கள் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"அடடா... ஆத்மா சாந்தியடையட்டும். எங்க சார்பா ஒரு மலர்வளையம்..."

"அதைவிடக் கெட்டது ஒண்ணு இருக்கு. ரிசல்ட் வந்துடுச்சு."

"எங்களுக்கு நூறுதானே மேடம்?"

"உங்க தாத்தா பாஸ்."

"பாஸா? அவனா?"

"வெறும் பாஸ் இல்ல சார். பல்கலைக்கழகத்துலயே முதல் ரேங்க்."

முதல்வரின் பார்வை தானாகவே சுவரிலிருந்த அந்தக் கோட்டுக்குப் போனது.

மேஜைமேல் போன் அடித்தது. தாளாளர். முதல்வர் எடுப்பதற்குள் இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினாள்.

"என்ன மாப்பிள்ளை, எவனோ விழுந்தானாமே? நம்ம ஆள் இல்லைன்னு சொல்லிட்டல்ல?"

"தாளாளர் சார், நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க மாப்பிள்ளை அதைத் தெளிவா சொல்லிட்டாரு. லெட்டரும் குடுத்துட்டாரு. ஒரே ஒரு சிக்கல். விழுந்தவருதான் இந்த வருஷம் முதல் ரேங்க்."

மறுமுனையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"முதல்... ரேங்க்கா? நமக்கா?"

"உங்களுக்கு எப்படி வரும்? போன மாசமே உங்களை விட்டு விலகிட்டாரே. முதல் வருஷம் எதிர்த்தெருக் காலேஜ்ல படிச்சாராம். ரேங்க் அவங்க கணக்குலதான் சேரும்."

"மாப்பிள்ளை!"

"மாமா..."

"ஒன்பது வருஷமா அந்தக் கோட்டைப் பாத்துட்டு அந்த எதிர்த்தெருக்காரன் என்னைக் கேலி பண்றான். கிடைக்காம கிடைச்ச ஒரு ரேங்க். அவன்கிட்ட போய் லெட்டர் வாங்கியிருக்கியே, உன் தலையில என்ன களிமண்ணா?"

"அது வந்து மாமா..."

"அவன் நம்ம ஆளா, இல்லையா? ஒழுங்கா சொல்லு. இல்லேன்னா நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஆளை உட்கார வைப்பேன். என் பொண்ணுகிட்டயும் நானே பேசிக்கறேன்."

முதல்வர் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டார். எதிரே போலீஸ் உட்கார்ந்திருப்பது அவருக்கு மறந்துபோனது. கோடு ஒரு பக்கம். நாற்காலி ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாமனார்.

"நம்ம ஆள்தான் மாமா! நூத்துக்கு நூறு நம்ம ஆள்! அந்த லெட்டர் செல்லாது. அவன் குடுக்கவே இல்ல."

"அப்ப லெட்டர்ல கையெழுத்து போட்டது யாரு?" தாளாளர் விடவில்லை.

"நான்தான் இன்னிக்குப் போட்டேன். அவன் மாட்டேன்னுட்டான் மாமா. கடைசி வரைக்கும் மாட்டேன்னான். இன்னிக்கு காலையிலகூட பேனர் கட்டின இடத்துக்கு வரச்சொல்லி, பேனாவைக் கையில திணிச்சேன். முன்தேதி போட்டு ஒரு கையெழுத்து, நூறு நூறாவே இருக்கட்டும்னு கெஞ்சினேன். துரத்தினவங்க கணக்கைப் பத்திரிகையில குடுப்பேன்னுட்டுப் பேனாவைத் தூக்கி எறிஞ்சான். எனக்கு ஆத்திரம் வந்து ஒரே ஒரு தள்ளுதான்..."

நிறுத்திக்கொண்டார்.

தாமதமாகிவிட்டது.

ஸ்பீக்கரில் 'டொக்' என்று ஒரு சத்தம். மாமனார் தன் மருமகனைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார். அது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த கலை.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

முதல்வருக்குச் சட்டென்று தான் சட்டம் படித்தது ஞாபகம் வந்தது.

"போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது மேடம். தெரியும்ல?"

"எங்கிட்ட எங்க சார் சொன்னீங்க? உங்க மாமனார்கிட்ட சொன்னீங்க. நான் சும்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

"அவர் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டாரு."

"காலேஜா மருமகனான்னு கேப்பேன். அவரு எதைச் சொல்வாருன்னு எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

முதல்வருக்குத் தெரிந்திருந்தது.

விலங்கு மாட்டும்போது மறுபடியும் மகள்.

"அம்மா, மணி ஓடுது. எதைப் போடட்டும்?"

"எதிர்த்தெரு காலேஜைப் போடு."

"ஐயே, அது வெறும் நாப்பத்துமூணு பர்சென்ட்."

"அவங்க தோத்தவங்களையும் சேர்த்து எண்ணியிருக்காங்கடி. தைரியமா போடு."

கதவருகே முதல்வர் நின்றார். தலை குனிந்திருந்தது. ஆனாலும் கண் அந்தத் தங்க நிற நூறின் மேலேயே இருந்தது.

"மேடம்... அந்த ரேங்க்காவது எங்களுக்கு வருமா?"

"எந்த ரேங்க்? அதுவும் எதிர்த்தெருக் கதையும் நான் சும்மா சொன்னது."

"செத்துப்போனவன் பேர்ல இப்படிப் பொய் சொல்லலாமா?"

"செத்துட்டாருன்னு யாரு சார் சொன்னது? கெட்ட செய்தின்னுதான் சொன்னேன். அது உங்களுக்கு. அவருக்குக் காலும் இடுப்பும்தான் உடைஞ்சிருக்கு. இந்தக் காலேஜ்ல ஒழுங்கா வேலை செஞ்சது அந்தத் தகரக் கூரை ஒண்ணுதான்."

முதல்வரிடமிருந்து ஒரே ஒரு சொல் வெளியே வந்தது.

"ரிசல்ட்...?"

"வழக்கம்போல சாட்சியச் சட்டத்துல ஃபெயில். நீங்களும் அதுலதான் சார் ஃபெயில்... ஆனா அவருக்கு மறுதேர்வு இருக்கு."